தொலைந்தது இரண்டு கப்பி, செய்ய வேண்டியது முப்பது

கப்பல் மொடல் பெட்டியைத் திறந்து பாகங்களை எண்ணினால் ஏதாவது ஒன்று குறையத்தான் செய்யும். 5 மில்லிமீற்றர்க் கப்பி 30 என்று பட்டியலில் இருக்கும். பைக்குள் 28 கிடக்கும். அந்த 28இலும் இரண்டு மூன்றுக்குத் துளை ஓரத்தால் போய் மரம் வெடித்திருக்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ யாரோ பாதி செய்துவிட்டுக் கைவிட்ட பெட்டி, உறவுக்காரரின் பயணப்பைக்குள் சப்பளிந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த இரண்டு கப்பியை மட்டும் எங்கே எடுக்கலாம் என்று தேடத் தொடங்குவதுதான் முதல் பிழை. வேறு இடத்துக் கப்பி 5 மில்லிமீற்றராகவே இருந்தாலும் மரத்தின் நிறம், துளை இருக்கும் இடம், விளிம்பின் உருட்டு எதுவும் ஒத்துவராது. பாய்மரத்தில் வரிசையாகத் தொங்கும்போது, முன்வாயில் புதிதாகக் கட்டின ஒற்றைப் பல் மாதிரி அது மட்டும் தெரியும். ஒரே பார்வையில் சேர்ந்து தெரிகிற பாகங்களை ஒரே தொகுதியாக மாற்ற வேண்டும். பெட்டியில் வந்த பழையவை வீணாகப் போகாது. மேல்தட்டுக்குக் கீழே, படகுகளின் மறைவில், கண் எட்டாத மேல் பருமலில் (பாய் தொங்கும் குறுக்கு மரம்) போட்டுவிடலாம். சுக்கான் சக்கரம், பின்பக்க விளக்கு, கப்பலின் மூக்கில் நிற்கும் அணியச் சிலை போல ஒற்றையாக நிற்பவற்றுக்கு இந்தச் சட்டம் இல்லை. அவற்றை ஒன்றாகவே வாங்கலாம், ஒன்றாகவே செய்யலாம்.

பெட்டி புதிது என்றால், உள்ளே சோதனைச் சீட்டு என்று இலக்கம் போட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கிறதா பாருங்கள். அந்த இலக்கத்தையும் பாக எண்ணையும் போட்டு நிறுவனத்துக்கு எழுதினால் கிடைக்க வழியுண்டு. இத்தாலியின் அமாட்டி, இங்கிலாந்தின் கால்டர்கிராஃப்ட் போன்றவை கப்பி, டெட்ஐ (கயிறுகளை இழுத்துக் கட்டும் மூன்று துளை மரவட்டு), பீரங்கி, நங்கூரம் எல்லாவற்றையும் அளவு வாரியாகத் தனியாகவும் விற்கின்றன. ஆனால் பத்துக் கப்பிக்காகத் தபால் செலவும் சுங்க வரியும் கட்டுவது, கோழியை விடக் குழம்புக்கு விலை கொடுப்பது போல. ஆடித் திருவிழாவுக்கு வருகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் ஒரு கடித உறைக்குள் வந்துவிடும். அப்படிச் சொல்லிவிடுவதற்கும் முதலில் அளவு தெரிய வேண்டும்.

அளவு

உடைந்த பாகத்தை அளந்து அதே அளவில் இன்னொன்று தேடாதீர்கள். பெட்டியில் வந்த பாகமே பிழையான அளவில் இருக்கக்கூடும். ஒரே அச்சில் செய்த பாகத்தைப் பல கப்பல்களுக்குப் போடுவது பெட்டி செய்கிறவர்களின் வழக்கம். கட்டுமுளையை எடுத்துக்கொள்ளுங்கள், பாய்க்கயிறுகளைச் சுற்றிக் கட்டும் அந்தச் சின்ன முளை. உண்மைக் கப்பலில் அது ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். 1:64 மொடலில், அதாவது உண்மையின் 64இல் ஒரு பங்கில், 6.3 மில்லிமீற்றர், 1:48இல் 8.3 வர வேண்டும். பெட்டியிலோ 10, 12 மில்லிமீற்றர் முளைகள் வரும். 1:64இல் 12 மில்லிமீற்றர் என்றால் உண்மையில் 77 சென்ரிமீற்றர், கிரிக்கெட் விக்கெட்டை விட உயரம். கப்பல்காரன் அதைப் பிடுங்கிப் பந்து விளையாடலாம், கயிறு கட்ட முடியாது.

ஆகவே கணக்கை உண்மைக் கப்பலில் இருந்து தொடங்க வேண்டும். பழைய ஆங்கிலக் கடற்படைக் கணக்கில் கயிற்றின் அளவு என்றால் சுற்றளவு, விட்டம் அல்ல. 9 அங்குலக் கயிறு என்றால் சுற்றளவு 229 மில்லிமீற்றர், 3.14ஆல் பிரித்தால் விட்டம் 73. அதை 64ஆல் பிரித்தால் 1.14 மில்லிமீற்றர். இதை விட்டமென்று நினைத்துக் கணக்குப் போட்டு மூன்று மடங்கு தடித்த கயிறு வாங்கிப் பெட்டிக்குள் கிடக்கவிட்டவர்கள் ஏராளம்.

கப்பலின் விபரம் கையில் இல்லை என்றால் பாய்மரமே அளவுகோல். நடுப்பாய்மரம் தளத்தோடு சேரும் இடத்தில் வேணியர் இடுக்கிமானியை வையுங்கள். 12 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, 6 மில்லிமீற்றர், கீழ் டெட்ஐயின் விட்டம். பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பெரிய ஸ்டே கயிற்றின் சுற்றளவும் அதே பாதி, 6 மில்லிமீற்றர். ஆகவே அதன் விட்டம் 1.9. பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷிரவுட் கயிறு அதில் பத்தில் ஆறு பங்கு, ஏறக்குறைய 1.1. டெட்ஐகளைக் கோக்கும் லான்யார்ட் ஷிரவுட்டில் பாதி. இந்த ஒரு அளவிலிருந்து முக்கால்வாசிப் பட்டியல் வந்துவிடும். காலத்துக்குக் காலம் சிறு வேறுபாடு உண்டு. ஆனாலும் பெட்டிக்குள் வரும் அரை மில்லிமீற்றர்க் கறுப்பு நூலை விட இது எவ்வளவோ கிட்ட.

அடி அங்குலத்தில் எழுதிய பழைய பட்டியல் கிடைத்தால், யாருடைய அடி என்று பாருங்கள். ஆங்கில அடி 304.8 மில்லிமீற்றர். பழைய பிரெஞ்சு அடி 324.8. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் அம்ஸ்டர்டாம் அடியோ வெறும் 283, அதற்குள் அங்குலம் 12 அல்ல, 11. ஒல்லாந்தக் கப்பல் பெட்டி ஒன்றுக்கு ஆங்கில அடியில் கணக்குப் போட்டால் எல்லாமே ஏறக்குறைய 8 சதவீதம் பெருத்துவிடும்.

காலமும் அளவைப் போலத்தான். 18ஆம் நூற்றாண்டுக் கப்பலுக்கு நங்கூரச் சங்கிலி வந்திருந்தால் அதைக் கழற்றி வையுங்கள். ஆங்கிலக் கடற்படையில் சங்கிலி வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் நார்க்கயிறுதான், ஆலாத்து. கப்பலின் அகலத்தில் ஒரு அடிக்கு அரை அங்குலச் சுற்றளவு என்பது அதன் கணக்கு. 40 அடி அகலக் கப்பலுக்கு 20 அங்குலச் சுற்றளவு, 1:64இல் 2.5 மில்லிமீற்றர் விட்டம். மறுபக்கம், இரண்டு பாய்மரப் பிரிக் பெட்டி ஒன்றை வைத்து, வல்வெட்டித்துறையில் கட்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிய அன்னபூரணியைச் செய்துபார்க்க நினைப்பவர்கள் பெட்டியின் பீரங்கிகளையும் ஆலாத்தையும் தூக்கி வைத்துவிட்டுச் சங்கிலியும் இரும்பு நங்கூரமும் தேட வேண்டும்.

மரம்

கப்பிக்கும் டெட்ஐக்கும் வேண்டியது நார் தெரியாத, இறுகிய மரம். வெளிநாட்டு நூல்கள் பொக்ஸ்வுட் என்று சொல்லும். அதைத் தேடி அலைய வேண்டாம். வளவுக்குள் நிற்கும் தேசிமரம் போதும். தேசிக்கொப்பு மஞ்சள் கலந்த வெள்ளை, மணி மணியான நார், துளையின் விளிம்பு கிழியாது. கொய்யாவும் நல்லது, கொஞ்சம் சிவப்பு. முதிரை அழகான மரம், ஆனால் அதன் மினுங்கும் வரிகள் 4 மில்லிமீற்றர்க் கப்பியில் பெரிய மரத்தின் வரியாகவே தெரிந்து அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். தேக்கும் வேம்பும் இந்த வேலைக்கு ஆகாது; நார் திறந்தது, சிறு துளையில் சிம்பு எழும்பும். வேம்பு உண்மைக் கப்பலுக்குத்தான்.

கொப்பு பெருவிரல் தடிப்பில் இருந்து கைமணிக்கட்டுத் தடிப்பு வரை இருக்கலாம். வெட்டினவுடனே இரண்டு முனைக்கும் மெழுகு உருக்கிப் பூசி, நடுக்குருத்து வழியே இரண்டாகப் பிளந்து, நிழலில் அடுக்குங்கள். பிளக்காமல் விட்டால் குருத்திலிருந்து வெளியே வெடிப்பு ஓடும், அதைத் தடுக்க முடியாது. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது மரவேலைக் கணக்கு. பிளந்த ஒரு சென்ரிமீற்றர்த் துண்டுகள் சில மாதத்திலேயே காயும். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வாழைப்பழம் போல வளையும். காய்ந்ததா என்று அறிய சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. வெள்ளை மாவு கொட்டினால் துளைப்பூச்சி. அந்தத் துண்டை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து அடுப்புக்குள் போடுங்கள்.

கப்பி

ஒவ்வொரு கப்பியாக வெட்டிவிட்டுப் பிறகு துளைக்கலாம் என்று நினைப்பவர் பத்தாவது கப்பியில் வேலையை விட்டுவிடுவார். 5 மில்லிமீற்றர்த் துண்டைப் பிடிக்க வழியில்லை. குறட்டில் நசியும், விரலில் வழுக்கும், துளைகோல் விரலுக்குள் போகும். கடைசி நிமிடம் வரை கப்பி சட்டத்தோடு ஒட்டியபடியே இருக்க வேண்டும்.

5 மில்லிமீற்றர்க் கப்பிக்கு 4 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பில் 16 சென்ரிமீற்றர் நீளச் சட்டம் சீவிக்கொள்ளுங்கள். நார் நீளவாக்கில் ஓட வேண்டும். ஒரு கப்பிக்கு 5, வாள் தின்பதற்கு 1, ஆக 6 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு. பிடிக்க ஒரு சென்ரிமீற்றர் விட்டால் சட்டத்துக்கு 25 கப்பி. 30 வேண்டுமென்றால் இரண்டு சட்டம் செய்யுங்கள். கழிவு போக 40க்கு மேல் தேறும், மிச்சம் எப்படியும் உதவும்.

முதலில் 4 மில்லிமீற்றர்ப் பக்கங்கள் இரண்டின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு கோடு கீறி, முக்கோண அரத்தின் விளிம்பால் ஆழமாக்குங்கள். கப்பியைச் சுற்றிக் கட்டும் கயிறு உட்காரப்போகும் பள்ளம் அது. பிறகு 3 மில்லிமீற்றர் முகத்தில் ஒவ்வொரு கப்பிக்கும் இரண்டு துளை, 0.6 மில்லிமீற்றர். இரண்டையும் இணைத்து மெல்லிய கத்தியால் ஒரு பள்ளம் இழுத்தால் உள்ளே சக்கரம் இருப்பது போலத் தெரியும். துளைக்கு முன் ஊசியால் குழி போடாவிட்டால் துளைகோல் நார் வழியே ஓடிவிடும். கார்பைட் துளைகோல்கள் கையால் சுழற்றினால் முறியும்; அவை நிமிர்ந்த இயந்திரத்துக்கானவை. கைத்துளைப்பானுக்குச் சாதாரண உருக்குத் துளைகோல், அதுவும் இல்லையென்றால் தையல் ஊசியின் முனையை இரண்டு பக்கமும் தட்டையாகத் தீட்டி எடுத்தது. மரத்தில் அது சுத்தமாகப் போகும்.

துளைத்தபின் கோடுகளில் வாளை நாலு பக்கமும் இறக்கி, நடுவில் ஒரு மில்லிமீற்றர் மட்டும் மிஞ்ச விடுங்கள். இப்போது சட்டம் ஒரு மணிமாலை மாதிரி இருக்கும். ஒவ்வொரு மணியின் மூலைகளையும் அரத்தால் உருட்டி, பிறகு ஒவ்வொன்றாக அறுத்து எடுங்கள். மூடியுள்ள சிறு தகரத்தின் உட்சுவரில் 240 இலக்க அரத்தாளை ஒட்டி, கப்பிகளைப் போட்டு, தகரத்தை மின்துளைப்பானில் மெதுவாகச் சுழலவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உருண்டு மழமழப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் கப்பி புளியங்கொட்டையாகும், பள்ளம் மறைந்துபோகும்.

இன்னொன்று. பெட்டிக் கப்பிகளில் ஒரு துளைதான் இருக்கும், அதுவும் ஒரு முனைக்குக் கிட்ட. எந்த முனை மேலே வர வேண்டும்? கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். கயிறு சக்கரத்தின் மேலால் போய் இரண்டு பக்கமும் கீழே இறங்குகிறது. ஆகவே கப்பி எந்தப் பக்கத்தால் கட்டித் தொங்குகிறதோ அந்தப் பக்கத்தில்தான் துளை. தலைகீழாகக் கட்டினால் கயிறு மரத்தை அறுத்துக்கொண்டு ஓடுவதாக ஆகும். போட்டியில் பரிசு வாங்கிய மொடல்களிலும் இந்தப் பிழை இருக்கும்.

மூன்று கண்

டெட்ஐ என்பது மூன்று துளையுள்ள மரவட்டு. ஒரு ஷிரவுட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு பாய்மரப் பிரிக் ஒன்றில் பக்கத்துக்கு ஐந்து ஷிரவுட் என்றால் 5 × 2 × 2 × 2, ஆக 40. உடைவு, பிழை சேர்த்து 50 செய்ய வேண்டும்.

தேசிச் சட்டத்தை மின்துளைப்பானின் வாயில் பூட்டி, சுழலவிட்டு, அரத்தாலும் அரத்தாளாலும் 6 மில்லிமீற்றர் உருளையாக்குங்கள். கண் மூன்றையும் துளைக்க ஒரு வழிகாட்டி அவசியம்: உருளை இறுக்கமாக உட்காரும் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றின் வாயில் வட்டத் தகடு வைத்துச் சோல்டர் பண்ணி, அதில் முக்கோணமாக மூன்று துளை. லேத் பட்டறையில் கொடுத்தாலும் செய்து தருவார்கள். வழிகாட்டியை முனையில் மாட்டி 8 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் துளைத்தால் 3 மில்லிமீற்றர் வட்டு இரண்டு கிடைக்கும். ஆசைப்பட்டு ஆழமாகப் போகக்கூடாது. துளை உள்ளே ஓடி, மூன்றாவது வட்டில் கண்கள் விளிம்புக்கு வந்துவிடும். துளைத்தபின்தான் விளிம்புப் பள்ளம், பள்ளம் வெட்டியபின்தான் அறுப்பது. அறுத்த வட்டின் கண்களை ஊசியால் சற்று விரித்துவிட்டால் லான்யார்ட் வெடுக்கென்று மடியாமல் வழுகிப் போகும்.

பூட்டும்போது கீழ் வட்டில் ஒற்றைக் கண் கீழே, மேல் வட்டில் ஒற்றைக் கண் மேலே. கீழ் வட்டைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளைச் செங்குத்தாக அடிப்பது அடுத்த பிழை. பாய்மரத்தின் தலையிலிருந்து ஒரு நூலை இழுத்து, வட்டின் மேலால் கப்பலின் பக்கத்துக்கு நீட்டுங்கள். நூல் காட்டும் சாய்வுதான் பட்டையின் சாய்வு. முன்னால் உள்ளது கிட்டத்தட்ட நிமிர்ந்து, பின்னால் போகப் போகச் சாய்ந்து வரும்.

கயிறு

குருநகர் பக்கம் வலைச்சாமான் கடைகளில் 210/6, 210/9 என்று நைலோன் முறுக்கு நூல் கிடைக்கிறது. மூன்று புரி அழகாகத் தெரிவதால் கை தானாகப் போகும். வேண்டாம். நைலோன் ஈரத்தில் நீளும். மாரி தொடங்கினால் இழுத்துக் கட்டின கயிறெல்லாம் தொய்ந்து துணிக்கொடி மாதிரித் தொங்கும். மினுக்கமும் போகாது, வெட்டின முனை பிரிந்துகொண்டே இருக்கும். பருத்தி நூல் இதற்கு எதிர். ஈரத்தில் சுருங்கி மெல்லிய மேல் பாய்மரத்தை வளைத்துவிடும். தையல்கடைப் பொலியெஸ்ரர் நூல்தான் நமது காற்றுக்கு நிலையாக நிற்கிறது. தேயிலைச் சாயம் அதில் ஏறாது, ஆகவே நிறம் பார்த்து வாங்குங்கள்: தார் பூசின நிலைக்கயிறுகளுக்குக் கடும் கபிலம், ஓடும் கயிறுகளுக்கு மணல் நிறம். தனிக் கறுப்பு சிறிய அளவில் செத்த நிறமாக இருக்கும்.

நூலின் தடிப்பைப் பென்சிலில் 20 சுற்று நெருக்கிச் சுற்றி, அடிமட்டத்தால் அளந்து, 20ஆல் பிரித்து அறியலாம். மூன்று புரி சேர்ந்தால் தடிப்பு 2.15 மடங்கு. 0.2 மில்லிமீற்றர் நூல் மூன்றில் 0.43, அப்படி மூன்றை மறுபடி சேர்த்தால் 0.9க்குக் கிட்ட வரும், முறுக்கு இறுகினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

முறுக்க விறாந்தை நீளம் போதும். ஒரு மீற்றர்க் கயிற்றுக்கு 1.4 மீற்றர் நூல். மூன்று புரியையும் தனித்தனியே கைத்துளைப்பானில் மாட்டி, பத்தில் ஒரு பங்கு சுருங்கும்வரை முறுக்குங்கள். சுற்றை எண்ண வேண்டும், மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கை. பிறகு மூன்று முனையையும் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய சுழல் கொக்கியில் மாட்டி, அதன் மறுமுனையில் 100 கிராம் பாரம் தூக்குங்கள். மூன்று பள்ளம் வெட்டின மரக்கூம்பு ஒன்றைப் புரிகளுக்கு நடுவே பிடித்து மெதுவாக நகர்த்தினால், சுழல் கொக்கி எதிர்ப்பக்கம் சுற்றிச் சுற்றிக் கயிறு தானே விழும். ஒரு புரி மட்டும் தளர்ந்திருந்தால் அது மற்ற இரண்டையும் பாம்பு போலச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கயிற்றைத் திருத்த முடியாது, எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

முறுக்கும் திசையில் ஒரு பொறி உண்டு. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்தால் புரிகள் இடது கீழிருந்து வலது மேலாக ஏறினால் அது வலக்கயிறு. ஷிரவுட், பாய்க்கயிறு எல்லாம் பெரும்பாலும் அப்படி. ஆலாத்து இடக்கயிறு. தையல் நூல் கடையிலிருந்து வரும்போதே வலமுறுக்கோடுதான் வருகிறது. அதே பக்கம் மேலும் முறுக்கிச் சேர்த்தால் கயிறு இடமாக விழும். வலக்கயிறு வேண்டுமென்றால் நூலை அதன் இயல்புக்கு எதிராக முறுக்க வேண்டும். அது முதலில் பிரிந்து பிறகுதான் இறுகும், ஆகவே சுருக்கக் கணக்கைப் பிரிந்து முடிந்த பிறகு தொடங்குங்கள். முடிந்த கயிற்றைப் பாரத்தோடு ஒரு இரவு தொங்கவிட்டால் பிறகு சுருளாது.

கம்பி வேலை

இதற்கு நல்ல இடம் கன்னாதிட்டி. நகைப்பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் இருப்பது எல்லாம் மொடல்காரருக்கும் வேண்டியதுதான்: கம்பியச்சு, வெங்காரம், ஊதுகுழல், மெல்லிய குறடு, சாவணம். கம்பியச்சில் பித்தளைக் கம்பியை வேண்டிய தடிப்புக்கு இழுத்து வாங்கலாம். அதே அச்சில் மூங்கிலையும் இழுத்துப் பலகைகளுக்கு அடிக்கும் மரமுளை செய்யலாம். ஆனால் அச்சைத் திருப்பி, துளையின் சிறிய வாய்ப்பக்கத்தால் செலுத்துங்கள். அப்போதுதான் கூர்விளிம்பு மூங்கிலைச் சீவும். நகைக்காரர் இழுக்கும் பக்கத்தால் செலுத்தினால் நார் நசுங்கி, பிறகு ஈரத்தில் ஊதும்.

வாங்கும் கம்பி, ஊசி, சங்கிலி எதையும் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசின இரும்பு. உப்புக்காற்றில் ஒரு வருடத்துக்குள் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்திலும் கறை இறக்கும்.

பெட்டியில் வரும் கண்ணாணிகள், கயிறு கட்டும் வளையமுள்ள ஆணிகள், வெறுமனே வளைத்த கம்பி. கயிற்றை இழுத்துக் கட்டினால் வாய் பிளக்கும். 0.4 மில்லிமீற்றர்க் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, 21 இலக்க ஊசிமருந்து ஊசியில் மடித்துப் போடுங்கள். மருந்துக்கடையில் புதிதாக வாங்கி முனையை மழுக்கிய அந்த ஊசி 0.8 மில்லிமீற்றர். இரண்டு வாலையும் கைத்துளைப்பானில் கவ்வி நாலு சுற்று. சோல்டர் கூடத் தேவையில்லை, எப்பொக்சி தடவி 0.9 துளைக்குள் செருகினால் பாய்மரம் முறிந்தாலும் கண் வராது.

செப்பு வேண்டுமென்றால் வீட்டு வயரிங் கம்பி இருக்கிறதே. 1/1.13 என்பது 1.13 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி, 7/0.67 என்பது 0.67 கம்பி ஏழு. ஏற்கெனவே இளகியது, வளைக்கச் சுகம். அதற்கு இன்னொரு வசதி, கறுப்பாக்குவது எளிது. இரண்டு முட்டையை நன்றாக அவித்து, சூட்டோடு மசித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, செப்புப் பாகங்களை முட்டையில் படாமல் ஒரு வலைத்தட்டில் பரப்பி மூடிவிடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவி சில மணித்தியாலத்தில் கபிலமாக்கும், ஒரு இரவில் கறுப்பாக்கும். முதலில் புளி போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவாவிட்டால் விரலடையாளம் பொட்டுப் பொட்டாக நிற்கும்.

பித்தளை முட்டைக்கு மசியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி: வினாகிரியில் உப்புப் போட்டு, செப்புக் கம்பித் துண்டுகளை நீர் பச்சை நிறமாகும்வரை ஊறவிடுங்கள். அந்த நீரில் பித்தளைப் பாகங்களையும் ஒரு இரும்பாணியையும் ஒன்றையொன்று தொடும்படி போட்டால், சிறிது நேரத்தில் பித்தளை மேல் மெல்லிய செப்பு படிந்து இளஞ்சிவப்பாகும். அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, பிறகு முட்டை டப்பாவுக்குள் வையுங்கள்.

பீரங்கியும் ஈயமும்

ஏழரை அடிப் பீரங்கி 1:64இல் 35.7 மில்லிமீற்றர். இருபதையும் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்தால் காசு போகும். ஒன்றை மட்டும் கடைந்து வாங்கி அச்சு எடுங்கள். கண்ணாடி ஒட்டும் சிலிக்கோனைத் தனியே தடிப்பாக ஊற்றினால் உள்ளே காயாது. அது காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து காய்கிற சாமான். அளவுக்கு அளவு சோளமா சேர்த்துப் பிசைந்தால் தடிப்பாகவும் சீக்கிரம் காயும். மூலப் பீரங்கிக்கு வசிலின் மெல்லியதாகப் பூசி, இரண்டு பாதியாக அச்சு எடுக்கலாம்.

ஊற்றுவதற்கு பைபர் படகு திருத்தும் இடங்களில் உள்ள பொலியெஸ்ரர் ரெசின் போதும். 50 கிராம் ரெசினுக்கு நமது வெக்கையில் 1 சதவீதக் காய்ச்சி (ரெசினை இறுக வைக்கும் திரவம்), அரைக் கிராம், தாராளம். கூடினால் கொதித்து வெடிக்கும். காய்ந்ததும் நீளத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும். ஆகவே மூலத்தை 36.4 மில்லிமீற்றராகக் கடையுங்கள். கலக்கும் கோப்பை பொலிஸ்ரைரீன் ஆகக்கூடாது, ரெசின் அதைக் கரைக்கும். காய்ச்சி ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்க வேண்டாம். காய்வதை வேகப்படுத்தும் கோபோல்ட் திரவத்தைத் தனியாகத் தந்தால் அதை ரெசினில் முதலில் கலந்து முடித்துவிட்டுத்தான் காய்ச்சி. இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும்.

மீன்வலை ஈயக்கட்டியை உருக்கி ஊற்றினால் என்ன என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். பழைய பெட்டிகளில் வந்த நங்கூரமும் பீரங்கியும் பல அப்படியானவைதான். கடதாசியில் இழுத்தால் பென்சில் மாதிரிக் கோடு விழுந்தால் ஈயம். மரத்திலிருந்தும் ஒட்டுப்பலகைப் பசையிலிருந்தும் வரும் அசற்றிக் அமில ஆவி, ஈரத்தோடும் காற்றின் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து ஈயத்தை வெள்ளை மாவாக்கும். ஓக் மரம் இதில் மிக மோசம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைத்த மொடல்களில் பீரங்கி முதலில் பூத்து, பிறகு ஊதி, கடைசியில் தொட்டால் உதிர்ந்துவிடும். அந்த மாவு நஞ்சு; காய்ந்த தூரிகையால் தட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கையைக் கழுவுங்கள். வர்ணம் பூசி மறைத்தால் உள்ளே தொடர்ந்து தின்னும். ஈயம் என்று தெரிந்தால் தொகுதியோடு கழற்றி மாற்றுவதே வேலை.

காட்சிப் பெட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் புளித்த வினாகிரி மணம் அடித்தால் அது அதே அமிலம். மணமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அடித்தட்டில் பின்பக்கமாக நாலு துளை, மேலே பின்பக்கம் நாலு, 6 மில்லிமீற்றர் விட்டத்தில் விட்டால் காற்று ஓடும். துளைகளுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒட்டாவிட்டால் எறும்பு போகும். துளையைப் பெரிதாக்கிவிட்டீர்கள் என்றால் பல்லி போய்ப் பீரங்கிகளுக்கு நடுவே முட்டையிட்டு வைக்கும், அதுவும் சரியான குண்டு அளவில் இராது.